இறக்குவதும் பயிற்சிதான்

அன்புள்ள கண்ணாவுக்கு,

நீ ஜிம்மில் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். டம்பெல்லைத் தூக்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறக்குவதுதான் சரியில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் கையை விட்டுவிடுகிறாய், அது தொப்பென்று கீழே வருகிறது. பாதிப் பயிற்சியை அங்கேயே கோட்டை விடுகிறாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். இத்தனை வருஷம் பிசியோதெரபிஸ்டாக ஊரார் மூட்டுகளை எல்லாம் மடக்கி நீட்டியவள், சொந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் இருப்பேனா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். தசைக்கு இழுக்க மட்டும்தான் முடியும், தள்ள முடியாது. புஷ்-அப் எடுக்கும்போது தரையைத் தள்ளுகிறோம் என்று நினைக்கிறோம். உள்ளே நடப்பது என்னவோ இழுப்புதான். மேற்கையின் பின்பக்கத்தில் இருக்கும் ட்ரைசெப்ஸ், முழங்கைக்குப் பின்னால் துருத்தி நிற்கும் எலும்பு முனையை இழுக்கிறது, கை நீள்கிறது. மார்புத் தசை மேற்கையை உள்பக்கமாக இழுக்கிறது. மடக்கிய தசையால் தானே நீட்டிவிட முடியாது என்பதால்தான் மூட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தசைகள் இருக்கின்றன. ஒன்று இழுக்கும்போது எதிர்ப்பக்கத்துத் தசை தளர்ந்து வழிவிடும்.

அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு புரத இழைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகினாற்போல் அடுக்கியிருக்கும். நரம்பிலிருந்து சமிக்ஞை வந்ததும் தசை நாருக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. உடனே மயோசினின் சின்னச் சின்னத் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி சற்றுத் தள்ளிப் பற்றுகின்றன. தேர் வடத்தைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோலத்தான். பிடியை விட்டு அடுத்த பிடிக்குத் தயாராக ஏடிபி என்ற எரிசக்தி மூலக்கூறு வேண்டும். இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன, அதனால் தசை சுருங்குகிறது. 1954-இல் இதை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டு, ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. பெயர்தான் ஒன்று, இருவரும் உறவுக்காரர்கள் இல்லை. மாணவர்களைக் குழப்புவதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும்.

இப்போது உன் டம்பெல்லுக்கு வருகிறேன். மேற்கையின் முன்பக்கத்தில் இருக்கும் பைசெப்ஸை எலும்போடு இணைக்கும் தசைநாண், முழங்கை மூட்டிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளித்தான் முன்கை எலும்பில் ஒட்டியிருக்கிறது. எடை இருக்கும் உள்ளங்கையோ சுமார் 35 செ.மீ. தூரத்தில். முன்கையைத் தரைக்கு இணையாக வைத்து 5 கிலோவைப் பிடித்தால், முன்பக்கத் தசைகள் ஏறத்தாழ 35 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடை வேறு. நஷ்டமான நெம்புகோல் என்று தோன்றும். ஆனால் தசை கொஞ்சம் சுருங்கினாலே கை நீண்ட தூரம், அதுவும் வேகமாகப் போய்விடுகிறது, லாபம் அங்கே இருக்கிறது. அந்த விசையின் பெரும்பகுதி மூட்டையும் சேர்த்து அழுத்துகிறது என்பதை மட்டும் மறக்காதே. நீ எடையை விழவிட்டுக் கடைசியில் வெடுக்கென்று நிறுத்தும்போது, தசைநாணும் மூட்டும் அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டியிருக்கிறது.

மெதுவாக இறக்கினால் அதே பைசெப்ஸ் இழுத்துக்கொண்டே நீள்கிறது. ட்ரைசெப்ஸ் இறக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. இறக்குவது புவியீர்ப்பு, அதற்குப் பிரேக் போடுவதுதான் பைசெப்ஸின் வேலை. இப்படி நீளும்போது தசையால் சுருங்கும்போதைவிட அதிக விசை கொடுக்க முடியும், செலவாகும் சக்தியோ குறைவு. 1952-இல் அபாட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் வைத்துச் செயினால் இணைத்துச் சோதித்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, இன்னொருவர் பெடலைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசைதான். ஆனாலும் தடுத்தவர் செலவிட்ட ஆக்சிஜன் வெகு குறைவு. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அதற்காக இறக்குவது சும்மா வேலை என்று எண்ணிவிடாதே. பழக்கமில்லாதவருக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று ஜிம்மில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, அது பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் கலைந்துவிடும். நீளும்போது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதை உடல் சரிசெய்யும் வேலையும்தான் காரணம். அதே பயிற்சியை அடுத்த முறை செய்யும்போது வலி நன்றாகக் குறைந்திருக்கும்.

உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியிலும் இதே கதைதான், மூட்டுகள்தான் அதிகம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சேர்ந்து மடங்க வேண்டும். உனக்குக் குதிகால் தூக்குகிறது. கெண்டைக்கால் இறுகிக் கணுக்கால் போதுமான அளவு மடங்கவில்லை போலிருக்கிறது. முதுகைத் திட்டாமல் முதலில் அதைத் தளர்த்து.

எடையைக் கூட்ட அவசரப்படாதே. முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தசை பெருத்ததால் அல்ல, மூளையும் நரம்பும் அதிகத் தசை நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்கப் பழகியதால். தசைநாண் அவ்வளவு சீக்கிரம் தயாராகாது, தசையைவிட மெதுவாகத்தான் அது உறுதியாகும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அழுத்தி அழுத்தி விடும்போது மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. அதனால் ஆரம்பத்தில் லேசான எடையோடு மூட்டுகளை நன்றாக அசைத்துவிட்டு அப்புறம் தூக்கு.

தசை முழுக்கப் பரவலாக வலித்தால் பயப்படாதே. மூட்டுக்குள் ஒரே இடத்தில் குத்தினாலோ, வீங்கினாலோ அன்றைக்கே நிறுத்து. டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அம்மா