அடிவாரத்தில் இறங்கிப் போன அந்த அம்மாவுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்தது, என் மூன்று வயதுப் பையன் எதிர்வீட்டுப் பெண் குழந்தையைத் தையல் போடுகிற அளவுக்குக் காயப்படுத்தியது, சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும், அதை விவரமாகத் திரும்ப ஒருமுறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. நேற்று டாக்டர் பையனின் இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "நீர் வத்திடுச்சு, நல்லா இருக்கு" என்றார். ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து நானும் என் மனைவியும் அழுதோம். அந்த மனசோடுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருவருக்கு.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கம்பக்கத்தில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் பையனைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டில் கொழுந்தியா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. என் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், காலடியில் ஒரு கூடை, தோளில் ஒரு பழைய துண்டு. மலை இறங்க இறங்க இவன் நெளிந்தான், முறுக்கினான், என் முகத்தில் அறைந்தான், 14ஆவது வளைவு தாண்டியதும் சட்டென்று குனிந்து அந்த அம்மாவின் முன்கையைக் கடித்துவிட்டான். பல் வரிசை அப்படியே பதிந்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் கையை ஓங்கிவிட்டேன்.

ஓங்கின கையின் மணிக்கட்டை அவர் பிடித்தார், கடி வாங்கிய அதே கையால். "கையை எறக்கு தம்பி. அவன் காதப் பாரு."

அப்போதுதான் பார்த்தேன். வலது காதை என் தோளில் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். என் மடியில் இருக்கிற பிள்ளை, மூன்று வயதுதான் ஆகிறது, அவன் அடிப்பதை மட்டும் பார்த்தேனே தவிர இதைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தார். உரித்து, சுளைமேல் இருந்த வெள்ளை நாரையெல்லாம் நகத்தால் எடுத்து, நுனியைக் கிள்ளிக் கொட்டையைப் பிதுக்கிவிட்டு, ஒரே ஒரு சுளையை அவன் வாயில் வைத்தார். "மென்னு சாமி. முழுங்கு." அடுத்த வளைவு வந்ததும் அடுத்த சுளை. வளைவுக்கு ஒரு சுளையாக ஒரு பழம் தீர்ந்து இரண்டாவதும் உரித்தாயிற்று, அடிவாரம் வரும்போது அவன் அவர் தோளில் சாய்ந்திருந்தான். ஒட்டுகிற கையைத் துண்டால் துடைத்துவிட்டார், அந்தத் துண்டை இவன் பிடித்துக்கொண்டு விடவில்லை. சரி, இருக்கட்டும் என்று அவனிடமே விட்டுவிட்டார்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. இறங்கும்போது வெளியே காற்றழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளும், மென்று விழுங்கினால் மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகிற குழாய் திறந்து அது சமமாகும். இதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. இறங்கும்போது, "பேச்சு இன்னும் வரலையா? காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிரு. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத புள்ள வேற என்னதான் செய்யும்" என்றார். கையில் கடித்த தடம் கன்றிப்போய் இருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காட்டினோம். இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கோத்திருந்தது. நாம் பேசுவது அவனுக்குத் தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரிதான் கேட்டிருக்கும் என்றார் டாக்டர். நான் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவன், முதுகுக்குப் பின்னால் கொலுசைக் குலுக்கினால் திரும்புவான், அதனால் காதில் குறையே இல்லை என்று நம்பியிருந்தேன். சத்தம் கேட்பது வேறு, சொல் தெளிவாகக் கேட்பது வேறு. ஆனால் எல்லாப் பழியையும் காதுமேல் போடாதீர்கள் என்றும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு மூன்று வயதில்தான் குழந்தைகள் அதிகமாக அடிப்பதும் கடிப்பதும், வார்த்தை வர வர அது குறையும், இவனுக்கு அந்த வார்த்தை வருகிற வழி அடைத்திருந்தது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும், இல்லாவிட்டால் பார்ப்போம் என்று அவசரப்படாமல் காத்திருந்த அந்த டாக்டருக்கு நன்றி.

பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடத்துக்கு, டிவியை அணைத்துவிட்டு முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசச் சொல்லிக்கொடுத்ததற்காக. மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிய பட்டறை அண்ணன்களுக்கு. எங்களைக் காலி செய்யச் சொல்லாத வீட்டுக்காரம்மாவுக்கு. அவனைச் சேர்த்துக்கொண்ட அங்கன்வாடி டீச்சருக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, எதிர்வீட்டு அக்காவுக்கு. காயம்பட்டது உங்கள் பெண், தையல் பிரித்த மறுவாரமே அவளைக் கைபிடித்து எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தீர்கள், அதற்கு நான் என்ன சொல்லட்டும் அக்கா.

இப்போதும் அவன் கை ஓங்குகிறான். நாங்கள் முதலில் அடிபட்ட பிள்ளையிடம் போகிறோம். அப்புறம் அவன் உயரத்துக்குக் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன்" என்று ஒரே வரி, கத்தாமல். பிறகு அவனுக்கு வேண்டிய சொல்லை நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம்: "குடு", "வேணாம்", "எனக்கு". பசியும் தூக்கமும் கெட்ட நாளில் இதுவும் வேலை செய்யாது, அன்றைக்குத் தூக்கிக்கொண்டு வெளியே நடப்பேன். என் அப்பா என்னை அடித்துத்தான் வளர்த்தார், எனக்கும் அந்த ஒரு வழிதான் தெரிந்திருந்தது. அந்த பஸ்ஸுக்குப் பிறகு அவன்மேல் நான் கை வைக்கவில்லை. இனியும் வைக்க மாட்டேன். எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மலையில் வேலை செய்து ஞாயிற்றுக்கிழமை கூடையோடு அடிவாரத்தில் இறங்குகிற அம்மா யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பஸ்ஸில் ஒரு பையன் கடித்தானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அவன் போன வாரம் தானாகவே காதைத் தொட்டு "வலி" என்று சொன்னான் என்று சொல்லுங்கள். துண்டைத் துவைத்து வைத்திருக்கிறோம். ராத்திரி அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான், அதனால் திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்றும் சொல்லிவிடுங்கள்.