சர்க்கரை நோயாளிகளைப் பட்டினி போட்டு உட்கார வைக்காதீர்கள்: கிளினிக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். டர்பனில் உங்கள் கிளினிக்கின் சர்க்கரை வரிசை எப்படி நகர்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் எங்கள் தெரு ஆயா அந்த வரிசையில் சரிந்து விழுந்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

ஆயாவுக்கு வயது 74. இரவு இன்சுலின் போட்டுக்கொண்டு, விடியும் முன்பே வெறும் வயிற்றோடு வந்துவிட்டார். ஃபைல் எடுக்க ஒரு வரிசை, பிரஷர் பார்க்க இன்னொன்று. விரலில் குத்தும் மேசை கண்ணில் படுவதற்குள் பத்தரை மணி ஆகிவிட்டது. கை நடுங்கி, ரவிக்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. பையில் ரொட்டி இருந்தது. சாப்பிட்டால் இன்றைக்கு டெஸ்ட் கிடையாது, அடுத்த மாதம்தான் என்று சொல்லியிருந்ததால் அவர் அதைத் தொடவே இல்லை.

இத்தனைக்கும் என்ன கிடைக்கிறது? அட்டையில் ஓர் எண். ஆயாவின் அட்டையில் மாதாமாதம் 6 மில்லிமோலை ஒட்டியே, அதாவது வெறும் வயிற்றில் நல்ல அளவு என்றே எழுதி, மருந்தை மாற்றாமல் அனுப்பியிருக்கிறீர்கள். மகன் காசு கட்டி வெளியே ஹெச்பிஏ1சி, அதாவது சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, பார்த்தபோது 9.4 சதவீதம், மிக அதிகம். மற்ற வேளைகளில், சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை உங்கள் மேசைக்குத் தெரியவே தெரியாது. கிளினிக் போகும் முன் இரண்டு நாள் சோற்றைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த ஒற்றை எண் அதையும் காட்டாது.

ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த 9.4 என்னைத் தூங்க விடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருப்பவை எண்டோதீலியல் செல்கள். ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தாலும், தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை ஆக்சிஜன் இல்லாமலே, குளுக்கோஸை உடைத்து எடுத்துக்கொள்கின்றன. தசைச் செல்லைப் போல இவை இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இவற்றுக்குள்ளும் ஏறுகிறது. அப்போது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதிகமாகக் கசிந்து டிஎன்ஏவைச் சேதப்படுத்துகின்றன. பி16, பி21 போன்ற புரதங்கள் பெருகி, செல் பிரிவதை அடியோடு நிறுத்திக்கொள்கிறது. இதுதான் செல்லின் முதுமை. அது செத்தும் போவதில்லை. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களைப் பக்கத்துச் செல்களுக்கும் பரப்பியபடி அங்கேயே கிடக்கிறது. கால், கண், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றுக்கும் போகும் குழாய்களில் இதே செல்கள்தான்.

மனிதத் தொப்புள்கொடியிலிருந்து இந்தச் செல்களைப் பிரித்து வளர்க்கும் முறை 1973 முதல் இருக்கிறது. குளுக்கோஸ் மிகுந்த வளர்ப்புத் திரவத்தில் வைத்தால் அவை சீக்கிரமே முதுமை அடைகின்றன. அப்போதுதான் பிறந்த குழந்தையின் கொடியிலிருந்து வந்த செல்லுக்கே அந்தக் கதி என்றால், 74 வயதுக் காலின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய பெரிய சர்க்கரை ஆய்வின் தொடர்ச்சி 2008-இல் வெளிவந்தது. ஆரம்பத்திலேயே சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த ஹெச்பிஏ1சி வித்தியாசம் ஆய்வு முடிந்த ஓராண்டில் மறைந்துவிட்டது. ஆனால் முதல் தரப்புக்குப் பத்தாண்டு கழித்தும் மாரடைப்பு குறைவாகவே இருந்தது. விட்ட வருடங்களைப் பிறகு மருந்தால் மீட்க முடியாது, ஐயா.

எனவே கேட்பது இதுதான்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹெச்பிஏ1சி பாருங்கள், அன்றைக்கு அவர்களைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், அதில் ஒட்டிய சர்க்கரை கடந்த இரண்டு மூன்று மாத நிலவரத்தைச் சொல்லிவிடும். அதற்குப் பட்டினி தேவையே இல்லை.

நவம்பர் 14 வந்தால் சர்க்கரை நோய் தினமென்று பலூன் கட்டுகிறீர்கள். இரண்டு நாள் கழித்து, 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக முதன்முதலில் இங்கே வந்தவர்களின் உழைப்பைப் போற்றி மேடையில் பேசுகிறார்கள். அந்த உழைப்பாளிகளின் பேத்திகள்தான் உங்கள் பெஞ்சில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிரியாணியும் இனிப்பும்தான் காரணம் என்று எங்களையே திட்டி அனுப்புவதும் நடக்கிறது. எங்கள் சாப்பாட்டில் குறை உண்டு, சரி. அதைத் திருத்த வேண்டுமானால் சரியான எண்ணை எங்கள் கையில் கொடுக்க வேண்டாமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறையில் அங்கே நர்ஸ்கள் படும் பாட்டையும் பார்க்கிறேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஹெச்பிஏ1சி, அதன் முடிவு நோயாளியின் அட்டையில். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தே ஆக வேண்டியவர்களுக்கு, மற்ற வரிசைகளுக்கு முன்னால், காலை ஏழு மணிக்கே ஒரு மேசை. இதைத் தயவுசெய்து அடுத்த கிளினிக் கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துக்கொண்டு, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர்,
டர்பன்