சிவப்பு இணைப்பைக் களை என்று பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தமிழ் விக்கிப்பீடியா பற்றி வந்த கட்டுரை, அங்குள்ள கட்டுரைகளைக் கவனிப்பாரில்லை என்று குறைசொல்லி, சிவப்பு எழுத்தில் கிடக்கும் 'செத்த இணைப்புகளை' முதலில் நீக்கச் சொல்கிறது. அதை நம்பி நாலு பேர் தொகுக்க உட்கார்ந்தால் வரும் சேதத்தை எண்ணித்தான் எழுதுகிறேன்.

சிவப்பு இணைப்பு செத்ததல்ல, இன்னும் பிறக்காதது. சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்குப் பக்கம் இல்லையென்றால், ஏற்காடு கட்டுரையில் அதன் பெயர் சிவப்பாக நிற்கும். யாராவது அந்தப் பக்கத்தை எழுதிச் சேமித்ததும், அந்தப் பெயரை இணைத்திருக்கும் கட்டுரைகளில் எல்லாம் அது நீலமாகிவிடும். இணைப்பை உண்டாக்கும் இரட்டைச் சதுர அடைப்புக்குறியைப் பிய்த்துவிட்டால், பிறகு ஒவ்வொரு கட்டுரையாகத் தேடிப் போய் இணைக்க வேண்டும். எதை அடுத்து எழுதலாம் என்று காட்டும் 'வேண்டிய பக்கங்கள்' பட்டியலும் இந்தச் சிவப்புகளை எண்ணித்தான் உருவாகிறது.

திருத்த வேண்டிய சிவப்பும் உண்டு. பக்கம் இருந்தும் பெயர் பிசகியதால் வருவது அது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் 'ஏற்காட்டில்' என்று எழுதினால் சிவக்கும். 'ஏற்காடு' என்ற தலைப்பை முதலில் கொடுத்து, ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டு, அதன்பின் 'ஏற்காட்டில்' என்று எழுத வேண்டும். மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் முதலெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் ஒரு தலைப்பு, விடாவிட்டால் வேறு தலைப்பு. 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தைத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஔவையார்தான், ஆனால் இணைப்பு சிவப்பு. ராஜாஜி, ராஜகோபாலாச்சாரி போன்ற மாற்றுப் பெயர்களுக்கு வழிமாற்று, அதாவது உரிய தலைப்புக்குத் திருப்பிவிடும் பக்கம், வேண்டும். ஒரு வழிமாற்றிலிருந்து இன்னொரு வழிமாற்றுக்கு மென்பொருள் தாவாது. ஆகவே ஒரு பக்கத்தை வேறு தலைப்புக்கு நகர்த்தியவர் 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலைப் பார்த்துப் பழைய வழிமாற்றுகளையும் சரிசெய்ய வேண்டும்.

மெய்யாகவே செத்த இணைப்பு என்பது, மேற்கோளாகக் காட்டிய வெளித்தளப் பக்கம் காணாமல் போவது. அதில் உங்கள் பத்திரிகைக்கும் பங்கு உண்டு, ஐயா. தளத்தைப் புதுப்பித்தபோது பழைய செய்திகளின் முகவரிகளை மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டீர்கள். பக்கம் இல்லை என்று சொல்லும் 404 என்ற குறியீடு வந்திருந்தாலாவது இணைப்புகளைச் சோதிக்கும் தானியங்கி கண்டுகொள்ளும். முகப்புப் பக்கம் 200, அதாவது பக்கம் சரியாக இருக்கிறது, என்று பதில் தருவதால், எல்லாம் உயிரோடிருப்பதாக அது கணக்கு வைத்துவிடக்கூடும். அப்போது ஒவ்வொன்றையும் ஆள்தான் திறந்து பார்க்க வேண்டும். பிறகு, இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற காப்பகத்தில், மேற்கோளில் குறித்துள்ள அணுகிய நாளுக்கு நெருக்கமான படியைத் தேடி, அந்தத் தகவல் அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, காப்பக முகவரியையும் நாளையும் மேற்கோளுக்கான வார்ப்புருவில் (நிரப்பும் படிவத்தில்) சேர்க்க வேண்டும். மூல முகவரியை அழிக்கக் கூடாது. படியே கிடைக்காவிட்டால் 'இறந்த இணைப்பு' என்று மாதத்தோடு குறித்து வைப்பார்கள். அச்சு நாளும் பக்க எண்ணும் தெரிந்தால் இணைப்பு போனாலும் மேற்கோள் நிற்கும். உங்கள் இணையப் பக்கங்களில் அவை இரண்டுமே கிடையாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது, கொல்லிமலை அதில்தான் இருக்கிறது. இன்றும் கொல்லிமலையைச் சேலம் மாவட்டம் என்று அச்சிடுகிறீர்கள், அதைச் சான்றாகக் காட்டி யாரோ விக்கிப்பீடியா கட்டுரையை மாற்றுகிறார்கள். விக்கிப்பீடியாவின் பத்திகளைப் பெயர் சொல்லாமல் எடுத்துப் போடுகிறீர்கள், பின்பு அந்தச் செய்தியே அதே கட்டுரைக்கு மேற்கோளாகித் திரும்பி வருகிறது. எடுத்தாள யாருக்கும் தடையில்லை. மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் உரிமத்திலேயே இருக்கிறது. கட்டுரைகளைக் கவனிப்பாரில்லை என்று எழுதும்போது இதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா?

பழைய முகவரி ஒவ்வொன்றையும் அந்தந்தச் செய்தியின் புதிய முகவரிக்கு 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்னும் குறியீடு) கொண்டு திருப்பச் சொல்லுங்கள். செய்தியே இல்லையென்றால் 404 வரட்டும். செய்தியின் அடியில் அச்சு நாளும் பக்க எண்ணும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.