200 லாரி மண்ணையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். இயற்கை குறித்த கவலையை எதிர்ப்பாக மாற்றும் கலைஞர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அவர்கள் செய்த வேலை விடுபட்டுப் போயிருக்கிறது. எதிர்ப்பு இருப்பதே அந்த வேலையில்தான்.

1982இல் கலைஞர் ஆக்னஸ் டெனிஸ் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் கோதுமை விளைவித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது கட்டடங்களுக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடம், பரப்பு 2 ஏக்கர். கல்லும் குப்பையும் பொறுக்கி, 200 லாரி மண் அடித்து, 285 சால்களைக் கையாலேயே பறித்து விதைத்தார்கள். பாசனம் அமைத்து, களை எடுத்து, கரிப்பூட்டை நோயை அகற்றி, பூஞ்சணத்துக்கு மருந்து தெளித்து, கிட்டத்தட்ட நான்கு மாதம் காத்தார்கள். அறுத்தது 450 கிலோவுக்கு மேல். இத்தனையும் பங்குச் சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்!

அதே ஆண்டு ஜெர்மனியின் காசல் நகரில் கலைஞர் ஜோசப் பாய்ஸ் ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் 7,000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் குவித்தார். ஒரு மரம் நட்டால்தான் ஒரு கல்லை எடுத்துப் போய் அதனருகே ஊன்றலாம். இன்னும் எத்தனை மரம் பாக்கி என்பதை அந்தக் குவியல் ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது. 1986இல் பாய்ஸ் இறந்த பிறகும் நடவு நிற்கவில்லை. கடைசி மரம் 1987இல் நடப்பட்டது.

கட்டுரையில் கலைஞர் மெல் சின் பெயரே இல்லாதது பெரிய குறை. 1991இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரக் குப்பைமேட்டில், மண்ணியல் அறிஞர் ரூஃபஸ் சேனியுடன் சேர்ந்து, கன உலோகங்களை உறிஞ்சும் செடிகளை 96 பாத்திகளில் வளர்த்தார். காட்மியமும் துத்தநாகமும் வேர்வழியாக ஏறித் தண்டிலும் இலையிலும் தங்கும். அங்கேயே வாடி உதிரவிட்டால் நஞ்சு திரும்ப மண்ணுக்கே போய்விடும். அதனால் உரிய நேரத்தில் அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். ஒரு போகத்தில் நிலம் சுத்தமாகிவிடாது. திரும்பத் திரும்பப் பயிரிட வேண்டும். சிற்பி உளியால் கல்லைச் செதுக்குவதுபோல இங்கே செடி மண்ணிலிருந்து நஞ்சைச் செதுக்கி எடுக்கிறது. தொடக்கத்தில் இது கலையே அல்ல என்று அரசு நல்கையை மறுத்தார்கள், பிறகுதான் கொடுத்தார்கள்.

அடுத்த முறை இத்தகைய படைப்புகளை எழுதும்போது மண் எங்கிருந்து வந்தது, தண்ணீர் ஊற்றியது யார், கண்காட்சி முடிந்தபின் அந்த நிலம் என்னவாயிற்று என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்