செட்டில்மென்ட் பத்திரத்தில் அந்த ஒரு வரி

அன்பு மகன் கதிருக்கு, அப்பா எழுதுவது.

வீட்டை உன் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குப் பத்திர எழுத்தர் அனுப்பிய வரைவைப் படித்தேன். எல்லாருக்கும் போடுகிற வாசகம்தான்: "அன்பினாலும் அபிமானத்தினாலும்... எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை." பராமரிப்பு பற்றி ஒரு சொல் இல்லை. அதைச் சேர்க்கச் சொன்னதில் உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அதன் 23ஆம் பிரிவுப்படி, பராமரிக்கும் நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கியவர் தவறினால், எழுதிக்கொடுத்தவர் கேட்டு அதைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததா என்பதில்தான் வழக்கு இழுக்கும். நிபந்தனையைக் காட்டாவிட்டால் இப்பிரிவு உதவாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் தாய்க்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொண்டது. ஆனால் அங்கே மகன் எழுதிக்கொடுத்த உறுதிமொழி கையில் இருந்தது. வாய்ச்சொல்லை நம்பிப் பதியக் கூடாது என்பதற்கு இது போதும்.

ஆகவே "உணவு, உடை, மருத்துவச் செலவு உட்பட அடிப்படைத் தேவைகளைக் கவனிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டு" என்று எழுதச் சொல். "நிபந்தனை ஏதுமின்றி" என்ற சொற்களும், மேலே சொன்ன ரத்து வரியும் வரைவில் நிற்கக் கூடாது; நின்றால் ஒன்றையொன்று வெட்டும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: 23ஆம் பிரிவு 60 வயது நிறைந்தவருக்கே. அம்மாவுக்கு 58தான், வீடும் என் பெயரில். அவள் பெற்றோர் என்ற முறையில் ஜீவனாம்சம் கேட்கலாம், பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது. அதனால் இருவரில் கடைசியாக இருப்பவர் காலம்வரை அங்கே குடியிருக்கும் உரிமையைத் தனி வரியாக எழுத வேண்டும்.

உன் பயமும் புரிகிறது. ஆனால் நிபந்தனை வரி இருக்கிறது என்பதற்காக நான் நினைத்த நாளில் சார்பதிவாளரிடம் போய் ரத்துப் பத்திரம் போட்டுவிட முடியாது. இந்தச் சட்டப்படி கோட்டாட்சியர் நடத்தும் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும்; உனக்கு நோட்டீஸ் வரும், நீ பதில் சொல்லலாம்.

செலவு: வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. உயில் என்றால் இவ்வளவு ஆகாது, ஆனால் என் காலத்துக்குப் பிறகுதான் உனக்கு வரும். நீ மாடி கட்ட நினைப்பதற்கு அது உதவாது.

அந்த மாடிக்கு வங்கிக் கடன் வாங்கப் போகிறாய் என்றால், பதிவுக்கு முன்பே வரைவை வங்கி வக்கீலிடம் காட்டிவிடு. இப்படிப்பட்ட நிபந்தனையைப் பார்த்து அவர்கள் தயங்குவதுண்டு. என்னையும் கடனில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். பதிந்தபின் மாற்றுவதென்றால் இன்னொரு பத்திரம், இன்னொரு அலைச்சல்.

அப்பா