செப்டம்பர் விதைப்பு குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து வரும் உங்கள் பிள்ளையின் கையில், செண்டுமல்லி விதைகள் உள்ள ஒரு காகித உறை இருக்கும். டர்பனில் குளிர் விலகி மண் சூடேறத் தொடங்கும் இந்த நாட்களே அவற்றை விதைக்க ஏற்ற காலம். நாங்கள் கொடுப்பது குட்டை இனம். விதைத்து ஏறக்குறைய எட்டு வாரத்தில் பூக்கும். தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டுகளில், வீட்டில் மலர்ந்த பூவையே விளக்கருகில் வைக்க வாய்ப்பு உண்டு. தைப்பூசக் காவடிக்கு மாலை கட்ட உதவும் நெட்டை இனம் பூக்க மூன்று மாதம் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், விருப்பமுள்ளவர்கள் அதை அக்டோபரில் விதைக்கலாம்.

ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்து, அந்த ஒப்பந்தம் முடிந்தபின் இங்கே நேட்டாலில் தோட்டப் பயிர் செய்து பிழைத்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அப்படியிருந்தும் சாமிக்கு வைக்கும் பூவைக்கூட விலைக்கு வாங்குவதே வழக்கமாகிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடியில் துளையிட்ட தயிர் டப்பாவே போதும். மக்கிய உரமும் ஆற்றுமணலும் கலந்த பொலபொலப்பான மண்ணை நிரப்பி, நனைத்து, நீர் வடிந்தபின் விதையைப் படுக்க வைத்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் மண் தூவுங்கள். விதையைக் கையில் வைத்துப் பார்த்தால் ஊசி போன்ற கறுத்த உடலும் அதன் ஒரு முனையில் வெளிறிய குச்சமும் தெரியும். குச்சம் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கெடுதல் இல்லை. ஒரு வாரத்திற்குள் இரண்டு விதையிலைகள் தலைகாட்டும்.

முளை விட்ட பிறகுதான் பெரும்பாலான நாற்றுகள் சாகின்றன, அதற்குப் பெரும்பாலும் அன்பு மிகுதியால் ஊற்றும் தண்ணீரே காரணமாகிறது. ஈரம் தேங்கி, நாற்றுகள் நெருங்கி, காற்றோட்டம் இல்லாமல் போனால், மண்ணிலுள்ள பூஞ்சைகள் தண்டின் அடியைத் தாக்கி, முந்தின மாலை நிமிர்ந்து நின்ற நாற்றைக் காலையில் நூல்போல் இற்று விழச் செய்துவிடும். இதுவே நாற்றழுகல். மண்ணின் மேற்பரப்பை விரலால் தொட்டுப் பார்த்து, காயத் தொடங்கியிருந்தால் மட்டும், டப்பாவைச் சிறிது நேரம் ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். நெருக்கமாக முளைத்தவற்றில் நலிந்ததைக் கத்தரித்துவிடப் பிள்ளைகள் தயங்குவார்கள். ஆனால் அதைச் செய்தே ஆக வேண்டும்.

நாற்று வெளிறி நீண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். அடுக்குமாடி வீடுகளில் வடக்குப் பார்த்த சன்னலோரம் வையுங்கள். கடையில் வாங்கும் சில விதை உறைகளில் மார்ச் மாதத்தில் விதைக்கவும், தெற்குச் சன்னலில் வைக்கவும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது வட அரைக்கோளத்தாருக்கு உரியது, நமக்கு அப்படியே எதிர்மாறு. விதையிலைகளுக்குப் பிறகு வரும் உண்மையான இலைகள் நான்கு வந்தபின், ஒரு வாரம் வெளியே வைத்துச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, பிறகு தொட்டிக்கோ தரைக்கோ மாற்றுங்கள். நத்தைகள் இளநாற்றை ஓரிரவில் தின்றுவிடும், ஆகையால் இருட்டியபின் டார்ச் விளக்குடன் ஒருமுறை பார்த்து அகற்றுவது நல்லது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. தண்ணீர் விடுவதையும் நாற்று மாற்றுவதையும் பிள்ளையே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். நாற்று பட்டுப்போனால் நர்சரியில் பூத்த செடியை வாங்கி அந்த இடத்தில் வைத்துவிட வேண்டாம். பட்டுப்போன டப்பாவையே வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். என்ன நேர்ந்தது என்று சேர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி விதைக்க விதை தருவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
தமிழ்ப் பாடசாலை, சாட்ஸ்வர்த்