டொரான்டோவுக்கு வாட்ஸாப்பில் பேசுவது பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வீடு அமைந்து வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்ததிலிருந்து எனக்கு மூட்டுவலிதான் கொஞ்சம் படுத்துகிறது.

வாட்ஸாப்பில் பேசினால் வார்த்தைகள் பாதியில் அறுந்து போகின்றன, இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடுகிறோம் என்று வருத்தப்பட்டிருந்தாய். உன் மேலும் தப்பில்லை, அவள் மேலும் தப்பில்லை. தென்காசிக்கும் டொரான்டோவுக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 13,700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். கேபிள் சுற்றி வளைத்துப் போகிறது. அதோடு ஃபோன் உன் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி கோக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து நீ சொன்ன சொல் அவள் காதுக்குப் போகக் கால் நொடி வரை ஆகிவிடலாம். அவள் பதில் வரவும் அதே நேரம். அந்த இடைவெளியில் ‘கேட்கவில்லை போல’ என்று நீ மறுபடி தொடங்குகிறாய். அதே சமயம் அவள் பதிலும் வந்து சேர்கிறது. ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மனசுக்குள் ‘ஒன்று, இரண்டு’ எண்ணிவிட்டு அடுத்ததைப் பேசு. நடுநடுவே ‘ம்... ம்...’ கொட்டுகிற நம் வழக்கத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள். அந்த ‘ம்’ தாமதமாகப் போய் அவள் பேச்சின் நடுவில் விழுகிறது.

வார்த்தை அறுவதற்குக் காரணம் வேறு. யூடியூபில் படம் நிற்காமல் ஓடுகிறதே, இது மட்டும் ஏன் என்று கேட்டிருந்தாய். யூடியூப் அடுத்து வருவதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். பேச்சை அப்படி வாங்கி வைக்க முடியாது. பிந்தி வந்த துண்டை ஃபோன் தூக்கிப் போட்டுவிடும். அந்த இடம்தான் உனக்கு ஓட்டையாகக் கேட்கிறது. அதனால் நெட் எவ்வளவு வேகம் என்பதைவிட சீராக வருகிறதா என்பதே முக்கியம். குரலுக்கு ஆகும் டேட்டா சொற்பம், ஒரு மணி நேரம் பேசினாலும் சுமார் 30 எம்பி. வீடியோ அதைப் போலப் பல மடங்கு தின்னும். சிக்னல் திணறினால் முதலில் வீடியோவை அணைத்துவிடு. வைஃபையில் பேசினால் மோடம் இருக்கும் அறையிலேயே உட்கார். இரண்டு சுவர் தாண்டிய அடுப்படியில் நின்றுகொண்டு பேசாதே.

இனி ஃபோனில் செய்ய வேண்டியவை. மகளின் கனடா எண்ணை +1 போட்டுச் சேமி, முன்னால் 0 வேண்டாம். மைக்குக்கு அனுமதி கேட்டால் கொடு. அவள் கூப்பிடும்போது ஃபோன் அடிக்காமல் பிறகு ‘மிஸ்டு கால்’ மட்டும் தெரிகிறது என்றாயே, அது பெரும்பாலும் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஃபோனே வாட்ஸாப்பைத் தூங்க வைப்பதால் வருவது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் வாட்ஸாப், அதில் பேட்டரி. ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்று. ஃபோனுக்கு ஃபோன் இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கும்.

எதிரொலி பற்றி ஒன்று தெரிந்துகொள். உன் குரல் உனக்கே திரும்பக் கேட்டால் கோளாறு அவள் பக்கம்: அவள் ஸ்பீக்கரில் வருகிற உன் குரல் அவள் மைக்கிலேயே நுழைகிறது. அவளை இயர்போன் மாட்டச் சொல். அவள் குரல் அவளுக்கே கேட்டால் நீ மாட்டு. வயர் உள்ள சாதாரண இயர்போனே போதும். ப்ளூடூத்தில் மைக்கும் சேர்ந்து ஓடும்போது குரலின் தரம் பெரும்பாலும் இறங்கிவிடும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது என்று அவள் சொன்னால், ஃபோனின் கீழ் விளிம்பைப் பார். சார்ஜர் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும், அதுதான் மைக். சுண்டுவிரலால் ஃபோனைத் தாங்கும்போது பலர் அதை மூடிவிடுகிறார்கள். மின்விசிறிக் காற்றும் நேரே அதில் அடிக்கக் கூடாது.

அண்ணன் ஈஸிசேரில் இருந்தபடியே ‘சாப்பிட்டியாம்மா’ என்று குரல் கொடுப்பாரே, அது அங்கே துண்டு துண்டாகத்தான் போகும். தூரத்துக் குரலை இரைச்சல் என்று நினைத்து ஃபோன் அமுக்கிவிடும். அவரைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல். சீரியல் சத்தத்தையும் நிறுத்திவிடு. ஸ்பீக்கரில் போடுவதானால் எடுத்த எடுப்பிலேயே ‘அப்பாவும் சித்தியும் இங்கேதான் இருக்கிறார்கள்’ என்று மகளிடம் சொல்லிவிடு. இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். தனியாக அம்மாவிடம் பேசுவதாக நம்பி அவள் மனசில் உள்ளதைக் கொட்டுவாள். கூடத்தில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நேரக் கணக்கு வருஷத்தில் இரண்டு முறை மாறும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால்; மற்ற மாதங்களில் பத்தரை. வேலையெல்லாம் முடித்து நீ காலை 11 மணிக்கு ஃபோன் போட்டால் கோடையில் அங்கே இரவு ஒன்றரை. காலை 7 மணி என்றால் முந்தின இரவு ஒன்பதரை, பனிக்காலத்தில் எட்டரை. அதுதான் சரியான நேரம். அப்போதும் ‘பேசலாமா?’ என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் கூப்பிடு. பாதியில் துண்டித்தால் கூப்பிட்டவரே திரும்பக் கூப்பிடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் போட்டால் இருவருக்கும் ‘பிஸி’ வரும்.

வாட்ஸாப்புக்கு வரும் ஆறு இலக்க ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதே. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டினால் உடனே வைத்துவிடு. அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டதானால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குச் சொல்ல வேண்டும்.

பேட்டரி செட்டிங்கை மாற்றியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. திரையை அணைத்து ஃபோனை அரை மணி நேரம் சும்மா வை. நான் கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறதா பார்ப்போம்.

அன்புடன்,
வசந்தா